அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளின் கட்டடங்களும் விடுதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பழைய பெண்கள் கல்லூரிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அங்கே படிக்கப் போகும் மாணவியரும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும், வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். படங்களில் அந்தக் கட்டடங்கள் அழகாக இருக்கின்றன. அவை ஏன் அந்த வடிவத்தில் இருக்கின்றன என்பது படத்தில் தெரிவதில்லை. வீட்டைவிட்டு வந்த பெண்கள் எப்படி வாழவேண்டும் என்று நடந்த நீண்ட வாதம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

1. "ஏழு சகோதரிகள்" என்று சொல்கிறார்களே, அவை எவை? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமா?

திறக்கப்பட்ட வரிசையில் சொன்னால் மவுண்ட் ஹோல்யோக் (1837), வாஸர் (1865), வெல்லஸ்லி, ஸ்மித் (இரண்டும் 1875), ராட்கிளிஃப் (1879), பிரின் மார் (1885), பர்னார்ட் (1889) ஆகியவையே அந்த ஏழு. ராட்கிளிஃப் ஹார்வர்டின் பக்கத்திலும், பர்னார்ட் நியூயார்க்கில் கொலம்பியாவின் பக்கத்திலும் தொடங்கியவை. அவற்றின் தொடக்ககால மாணவியரில் பலர் வீட்டிலிருந்தே வந்துபோனார்கள் என்பதால் விடுதிகள் தாமதமாகத்தான் எழுந்தன. பர்னார்டின் புரூக்ஸ் ஹால் 1907இல்தான் கட்டப்பட்டது.

மற்ற ஐந்தும் நகரங்களை விட்டு விலகி, மாணவியரைத் தங்கவைத்தே படிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை. ஆகவே இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த ஐந்தையே சுற்றிவரும். அவை ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் முந்தையதைப் பார்த்து, அதனோடு சண்டை போட்டுக்கொண்டே கட்டப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

2. முதலில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள்ளேயே இருந்ததாமே, அது எப்படிச் சாத்தியம்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் ஹாட்லியில் மேரி லயன் என்ற ஆசிரியை 1837 நவம்பர் 8 அன்று திறந்த மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்விக்கூடம் நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றுதான். வகுப்பறை, வழிபாட்டுக் கூடம், சமையலறை, உணவுக்கூடம், ஆசிரியைகளின் அறைகள், மாணவியர் தூங்கும் அறைகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின. முதல் ஆண்டில் வந்தவர்கள் சுமார் 80 பேர். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக் கட்டணம் 60 டாலர்.

அந்தக் கட்டணம் அவ்வளவு குறைவாக இருந்ததன் ரகசியம் சமையலறையில் இருந்தது. வேலையாட்களுக்குப் பதிலாக மாணவியரே நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சமைக்கவும் துடைக்கவும் கழுவவும் வேண்டும். 1847-48இல் இங்கே படித்த எமிலி டிக்கின்சனுக்கு, பின்னாளில் பெரும் கவிஞராக அறியப்பட்டவர்தான், ஒதுக்கப்பட்ட வேலை கத்திகள்: காலையிலும் நண்பகலிலும் முதல் வரிசை மேசைகளிலிருந்து அவற்றை எடுத்துச்செல்ல வேண்டும், இரவில் அதே எண்ணிக்கையைக் கழுவித் துடைக்க வேண்டும். இது கடினமான வேலை இல்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வீட்டுவேலை கற்றுக்கொடுப்பது தம் கல்விக்கூடத்தின் நோக்கமில்லை என்பதில் லயன் தெளிவாக இருந்தார். அதைத் தாய் கற்றுக்கொடுத்துவிட்டிருப்பார் என்பது அவர் கணக்கு. ஏழை விவசாயி வீட்டுப் பெண்ணும் படிக்க வரவேண்டுமென்றால் செலவைக் குறைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே கூரை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆசிரியை தூங்கும் அறை மாணவியின் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மணி அடித்தால் எழுவதும் மணி அடித்தால் படுப்பதுமாக நாள் முழுவதும் ஒருவர் கண் மற்றவர்மீது இருந்தது.

3. வாஸரின் மெயின் கட்டடம் அரண்மனை மாதிரி இருக்கிறதே, படிக்க வந்த பெண்களுக்கு எதற்கு அவ்வளவு பெரிய கட்டடம்?

மேத்யூ வாஸர் நியூயார்க் மாநிலத்தின் பகிப்சியில் பீர் காய்ச்சி விற்றுச் செல்வம் சேர்த்தவர், பிள்ளைகள் இல்லாதவர். 1845இல் லண்டன் சென்றிருந்தபோது, தம் உறவுவழியில் வந்த தாமஸ் கை நிறுவிய மருத்துவமனையைப் பார்த்துவிட்டு, தம் பெயரிலும் அப்படியொன்று நிற்கவேண்டும் என்று விரும்பினார். முதலில் அவர் மனத்தில் இருந்தது மருத்துவமனைதான். பிறகுதான், பெண்களுக்கென்று ஆண்கள் கல்லூரிக்கு நிகரான ஒரு கல்லூரி என்ற எண்ணத்துக்கு மற்றவர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். நன்கொடையாளர் நினைவுச்சின்னம் கேட்டால் கட்டடக் கலைஞர் அரண்மனை கொடுப்பது இயல்பே.

வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரென்விக். நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தை வடிவமைத்தவரும் இவரே. பாரிஸின் டூயிலரி அரண்மனையை மனத்தில் வைத்து, நடுவில் ஒரு மாடக்கூரையும் இருபுறமும் நீளும் சிறகுகளுமாக அவர் வரைந்த கட்டடம் 1865 செப்டம்பரில் 353 மாணவியரோடு திறக்கப்பட்டது. மேலே இரண்டாவது பதிலில் சொன்ன மவுண்ட் ஹோல்யோக்கின் ஒரே கூரைக் கொள்கைதான் இங்கும், அளவுதான் பன்மடங்கு. நூலகம், சிற்றாலயம், ஓவியக்கூடம், வகுப்பறைகள், ஆசிரியர் குடியிருப்பு, மாணவியர் அறைகள் எல்லாம் உள்ளே.

எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது அதன் நடைவழி. அகலம் 12 அடி. அறைக்கு அறை போக அவ்வளவு அகலம் தேவையில்லை. ஆனால் பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவியர் நடந்து உடற்பயிற்சி செய்ய அது இடம் கொடுத்தது. பெண்கள் அதிகம் படித்தால் உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துக்கொண்டால், அந்த 12 அடி ஒரு மறுமொழியாகவே தோன்றும். 1893இல் முகப்பின் நடுவே ஃபிரெட்ரிக் தாம்சன் என்பவரின் கொடையில் நூலகத்துக்காக ஒரு கூடுதல் கட்டடம் துருத்திக்கொண்டு நின்றது. மாணவியர் அதற்கு வைத்த பெயர் "ஃபிரெட் மாமாவின் மூக்கு". பின்னாளில் மூக்கை இடித்துவிட்டார்கள்.

4. வாஸரில் எல்லோருமே அந்த ஒரு கட்டடத்தில்தான் தங்கினார்களா?

ஒருவர் தங்கவில்லை. வானியல் பேராசிரியர் மரியா மிட்செல் தம் தந்தையோடு வளாகத்தின் வானாய்வகத்திலேயே குடியிருந்தார். அந்த வானாய்வகம்தான் கல்லூரியில் முதலில் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம்.

5. ஸ்மித் கல்லூரியில் "ஹாஸ்டல்" என்று சொன்னால் திருத்துகிறார்கள், "ஹவுஸ்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். என்ன வித்தியாசம்?

அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக் கொள்கை இருக்கிறது. 1875இல் நார்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் கல்லூரி 14 மாணவியரோடு திறந்தபோது, நூற்றுக்கணக்கான பெண்களை ஒரே கட்டடத்தில் அடைத்தால் அவர்கள் குடும்ப வாழ்வின் பழக்கத்தையே இழந்துவிடுவார்கள் என்ற அச்சம் அதன் அறங்காவலர்களுக்கு இருந்தது. அருகிலேயே இருந்த மவுண்ட் ஹோல்யோக் அவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய எடுத்துக்காட்டாகத் தெரிந்தது. ஆகவே படிப்பதற்கு ஒரு கட்டடம், வாழ்வதற்குத் தனியாகச் சிறு வீடுகள் என்று பிரித்தார்கள். முதல் மாணவியர் தங்கிய டூயி ஹவுஸ் 1827இல் ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீடு. ஹாட்ஃபீல்ட், வாஷ்பர்ன், ஹப்பர்ட் என்று அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தவையும் வீட்டு அளவிலேயே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வரவேற்பறை, ஒரு சாப்பாட்டறை, பொறுப்பாளராக ஒரு பெண்மணி.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் கல்லூரி தனக்கென்று சிற்றாலயமோ பெரிய நூலகமோ கட்டவில்லை. மாணவியர் ஊர் நூலகத்துக்கும் ஊர்த் தேவாலயத்துக்கும் போய் ஊர்ப் பெண்களாகவே இருக்கட்டும் என்பது எண்ணம். சுதந்திரம் போலத் தோன்றினாலும், ஊரார் கண்ணும் ஒரு காவல்தான் என்பது நம்மில் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

6. அப்படியானால் இந்த வீட்டு முறை எல்லோருக்கும் நல்லதாகவே அமைந்ததா?

இல்லை. மாணவியர் எண்ணிக்கை வேகமாகக் கூடியது; வீடுகள் அந்த வேகத்தில் எழவில்லை. இடம் கிடைக்காதவர்கள் ஊருக்குள் தனியார் நடத்திய தங்குமிடங்களுக்குப் போனார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் வசதியான இடங்களில் தங்களுக்குள் கூடிக்கொள்ள, பணமில்லாதவர்கள் மலிவான அறைகளைத் தேடினார்கள். குடும்பம் போல வாழவைக்கும் முறை, வசதியைப் பார்த்துப் பிரிக்கும் முறையாக மெல்ல மாறியது.

இதைச் சரிசெய்ய முனைந்தவர் 1917இல் தலைவரான வில்லியம் ஆலன் நீல்சன். எல்லா மாணவியரும் வளாகத்துக்குள்ளேயே தங்கவேண்டும் என்பது அவர் திட்டம். 1922 தொடங்கி 1936 வரை, முற்றங்களைச் சுற்றிப் பத்து வீடுகள் எழுந்தன. இன்று "குவாட்" என்று அழைக்கப்படும் பகுதி அதுதான். நம் நாலுகட்டு வீட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டையும் தனி வீடாக்கினால் எப்படியோ அப்படி. அளவு கூடினாலும் "ஹவுஸ்" என்ற பெயரை மட்டும் விடவில்லை.

7. பிரின் மாரைப் பார்த்தால் ஆக்ஸ்ஃபோர்ட் மாதிரியே இருக்கிறது. காப்பி அடித்தார்களா?

ஆம், தெரிந்தே செய்தார்கள். ஆனால் 1885இல் பிலடெல்பியாவுக்கு வெளியே கல்லூரி திறந்தபோது நின்ற டெய்லர் ஹாலும் மெரியன் விடுதியும் அப்படி இல்லை. நிறுவியவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதற்கேற்பக் கொஞ்சம் கண்டிப்பான முகம் கொண்டவை. முதலில் டீனாகவும் பின்னர் தலைவராகவும் இருந்த கேரி தாமஸ், ஆண்களின் கல்விக்கு இருக்கும் கம்பீரம் பெண்களின் கல்விக்கும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அவர் காலத்தில் கோப், ஸ்டூவர்ட்சன் என்ற கட்டடக் கலைஞர்கள் டென்பி (1891), பெம்புரோக் (1894) விடுதிகளைச் சாம்பல்நிறக் கல்லில் கோட்டைக் கொத்தளம் போலக் கட்டினார்கள். பெம்புரோக்கின் நடுவே இருக்கும் வளைவுதான் வளாகத்துக்கு நுழைவாயில். அந்த வளைவின் மேலேயே உணவுக்கூடத்தை வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே கட்டடக் கலைஞர்கள் அதன் பிறகுதான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பிரின்ஸ்டனிலும் இதே பாணியில் ஆண்கள் விடுதிகளைக் கட்டினார்கள். பிரின்ஸ்டனின் பிளேர் ஹால் 1897இல் வந்தது. ஆகவே அமெரிக்காவில் இந்தக் கோதிக் விடுதிப் பாணி பெண்களிடமிருந்து ஆண்களுக்குப் போனது என்று சொல்வதில் தவறில்லை.

உள்ளே வாழ்க்கையும் வேறுதான். ஐந்தாவது பதிலில் வந்த குடும்பப் பேச்சு இங்கே எடுபடவில்லை. மாணவிக்குப் படிக்கத் தனிமை வேண்டும், வீட்டுவேலையைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே கொள்கை. 1892 முதல் விடுதி ஒழுங்குகளை மாணவியரின் தன்னாட்சிச் சங்கமே கவனித்துக்கொண்டது.

8. வெல்லஸ்லியில் ஏதோ பெரிய தீ விபத்து நடந்ததாமே? எத்தனை பேர் இறந்தார்கள்?

ஒருவரும் இறக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் யாரும் முதலில் இதை நம்புவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாஸ்டனுக்கு மேற்கே, வபான் ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் நின்ற காலேஜ் ஹால் 1875இல் திறக்கப்பட்டது. வாஸரைப் போலவே எல்லாவற்றையும் உள்ளடக்கிய மாபெரும் கட்டடம். நடுவே கண்ணாடிக் கூரைக்குக் கீழே பனைவகைச் செடிகள் வளர்ந்த உயரமான கூடம். 1914 மார்ச் 17 அன்று அதிகாலை நாலரை மணியளவில், விலங்கியல் ஆய்வகத்துக்கு அருகில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மாணவியர் நெருப்பைப் பார்த்து எச்சரிக்கை கொடுத்தார்கள். உள்ளே 200க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அடிக்கடி செய்து பழகிய தீயணைப்பு ஒத்திகை அன்று கைகொடுத்தது. இரவு உடையோடு வரிசையாக இறங்கி, ஏறத்தாழ பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்து, பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். காற்றை மேலே இழுக்கும் அந்த உயரமான நடுக்கூடமே புகைபோக்கி போல வேலை செய்ய, சில மணி நேரத்தில் சுவர்கள் மட்டும் மிஞ்சின. துணிமணி, நூல்கள் மட்டுமல்ல, ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகளும் போயின.

அன்று காலையே தலைவர் எலன் பெண்டில்டன் சிற்றாலயத்தில் எல்லோரையும் கூட்டி, வசந்த விடுமுறையை முன்னதாக விட்டு ஏப்ரல் 7இல் கல்லூரி திறக்கும் என்று அறிவித்தார். அப்படியே திறந்தது. அவசரமாகப் பலகையால் எழுப்பிய தற்காலிகக் கட்டடத்துக்கு மாணவியர் "கோழிக்கூடு" என்று பெயர் வைத்தார்கள். குன்றின்மேல், பழைய கட்டடம் நின்ற இடத்தில், 1915இல் டவர் கோர்ட் என்ற விடுதி எழுந்தது. வகுப்பறைகளைத் தனியே வேறிடத்தில் கட்டினார்கள்.

9. அப்படியென்றால் தீதான் ஒரே கட்டட முறைக்கு முடிவு கட்டியதா?

பாதி உண்மை. மவுண்ட் ஹோல்யோக்கின் மூலக் கட்டடமும் 1896 செப்டம்பர் 27 அன்று எரிந்துபோனது; அங்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஊர்க் குடும்பங்கள் மாணவியரைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்ள, படிப்பு தொடர்ந்தது. மறுபடி ஒரே கட்டடத்தை எழுப்பாமல், மேரி லயன் ஹால் நிர்வாகத்துக்கும் வழிபாட்டுக்கும், பல சிறு விடுதிகள் தங்குவதற்கும் என்று பிரித்துக் கட்டினார்கள்.

ஆனால் எரியாத வாஸரிலும் 1893இலேயே ஸ்ட்ராங் ஹவுஸ் என்ற தனி விடுதி வந்துவிட்டது. தொடர்ந்து ரேமண்ட், லாத்ரப், டேவிசன் ஆகியவை 1902க்குள் எழுந்து அதனோடு ஒரு முற்றமாயின. இட நெருக்கடியும், சிறு விடுதிகளே நல்லவை என்ற கருத்து மாற்றமும் முன்பே வேலை செய்துகொண்டிருந்தன. தீ அவற்றை விரைவுபடுத்தியது. வாஸரின் மெயின் தப்பியதற்கு, ரென்விக் அதைத் தடுப்புச் சுவர்களாலும் இரும்புக் கதவுகளாலும் பகுத்துக் கட்டியதும் ஒரு காரணம்.

10. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ராக்ஃபெல்லர் ஹால் ஒன்று இருக்கிறதே?

எண்ணெய்ச் செல்வர் ஜான் ராக்ஃபெல்லர் பல இடங்களுக்கும் கொடுத்தார் என்பதுதான் விடை. வாஸரில் வகுப்பறைக் கட்டடம், பிரின் மாரிலும் மவுண்ட் ஹோல்யோக்கிலும் விடுதிகள், அடுத்த பதிலில் வரும் ஸ்பெல்மனில் 1886இன் ராக்ஃபெல்லர் ஹால். முன்பு சொன்ன ஸ்ட்ராங் ஹவுஸும் அவர் மகளின் திருமணப் பெயர்தான். எந்த ஊர் என்று சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

11. கறுப்பினப் பெண்களும் இந்த விடுதிகளில் தங்கினார்களா?

இது பலர் தயங்கிக் கேட்கும் கேள்வி. பதிலைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். வகுப்பறைக் கதவும் விடுதிக் கதவும் ஒரே நாளில் திறக்கவில்லை. பிரின் மாரில் 1931இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஈனிட் குக், படிக்க அனுமதி பெற்றும் வளாக விடுதியில் தங்க முடியாமல் வெளியில் தங்கித்தான் படித்தார். ஏழாவது பதிலில் பெருமையாகப் பேசிய அந்தக் கல் விடுதிகளின் மறுபக்கம் இது.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கென்றே 1881இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கியது ஸ்பெல்மன். அதை நிறுவிய சோபியா பக்கார்டும் ஹாரியட் ஜைல்ஸும் 1883இல் பள்ளியை மாற்றிய இடம், உள்நாட்டுப் போரின்போது வடபடையினர் தங்கிய பாசறை. அடிமைமுறைக்கு எதிராக நின்ற படையின் மரக்கட்டடங்களில், அடிமைகளாக இருந்தவர்களின் பெண்கள் உட்கார்ந்து எழுதப் படித்தார்கள். அரண்மனை போன்ற எந்த முகப்பும் அதற்கு ஈடாகாது என்பது என் தனிப்பட்ட கருத்து.

12. நவீன பாணியில் எதுவுமே கட்டவில்லையா? எல்லாம் பழைய கோட்டைகள்தானா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெயர்பெற்ற நவீனக் கலைஞர்களைத் தேடிப்பிடித்துக் கட்டவைத்தார்கள். வாஸரில் மார்செல் பிராயர் வடிவமைத்த ஃபெர்ரி ஹவுஸ் 1951இல் வந்தது. அது மாணவியர் தாங்களே சமைத்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும் கூட்டுறவு விடுதி. நூறாண்டு கழித்து மேரி லயனின் கணக்கு தட்டையான கூரைக்குக் கீழே திரும்பிவந்தது. ஈரோ சாரினன் வடிவமைத்த, வளைந்த முகப்புடைய நாய்ஸ் ஹவுஸ் 1958இல் எழுந்தது.

பிரின் மாரில் லூயி கான் கட்டிய எர்ட்மன் ஹால் 1965இல் முடிந்தது. மூன்று சதுரங்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் அமைப்பு. நடுவே உள்ள மூன்று பெரிய கூடங்களும் நுழைவு, உணவு, ஓய்வு என்று பிரிய, மாணவியர் அறைகள் அவற்றைச் சுற்றி வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. பக்கத்துக் கோதிக் விடுதிகளைக் காப்பியடிக்காமலே கோட்டை போல நிற்பதுதான் அதன் சாமர்த்தியம்.

13. கட்டடங்களின் பெயரை மாற்றுகிறார்களாமே, வரலாற்றை அழிப்பதாகாதா?

ஏழாவது பதிலில் வந்த கேரி தாமஸின் பெயரைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்து இதைக் கேட்கிறார்கள். 1907இல் திறந்த பிரின் மார் நூலகம் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. கறுப்பினத்தவரையும் யூதரையும் விலக்கிவைத்த அவரது நிலைப்பாடுகள் மறுபடி பேசப்பட்டபோது, 2018இல் கல்லூரி அதை "ஓல்டு லைப்ரரி" என்று அழைக்க முடிவுசெய்தது. அவர் அஸ்தி மட்டும் அந்நூலக முற்றத்தின் தாழ்வாரத்திலேயே இருக்கிறது. பெயரை எடுத்தவர்கள் அஸ்தியை எடுக்கவில்லை. ஆகவே அழித்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

14. நம் சென்னைக் கல்லூரிகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1915இல் தொடங்கிய சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரிக்கு 1920 முதல் மவுண்ட் ஹோல்யோக் சகோதரிக் கல்லூரி. அது நுங்கம்பாக்கத்தில் குடியேறியது டவுட்டன் ஹவுஸ் என்ற பழைய தோட்ட பங்களாவில். அதற்கு ஓராண்டு முன்பு, 1914இல், கடற்கரைச் சாலையில் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியும் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில்தான் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் கல்லூரி தொடங்குவது, ஐந்தாவது பதிலில் சொன்ன டூயி ஹவுஸின் கதைக்குத்தான் நெருக்கம்.

15. மகளைச் சேர்க்கப் போகும்போது ஒரு நாள்தான் கிடைக்கும். எதைப் பார்க்கலாம்?

மாசசூசெட்ஸின் மேற்குப் பக்கம் போனால் மவுண்ட் ஹோல்யோக்கையும் ஸ்மித்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. முதலாவதில் மேரி லயனின் கல்லறையைச் சுற்றி நடந்து, பழைய கட்டடம் இருந்த வெற்றிடத்தை மனத்தில் அளந்துகொண்டு, பிறகு டூயி ஹவுஸின் வெள்ளைத் தூண்களைப் பாருங்கள். மேலே இத்தனை பதில்கள் சொன்னதை அந்த இரண்டு இடங்கள் சொல்லிவிடும். பாஸ்டனோடு நின்றுவிடுவதானால் வெல்லஸ்லிக்குப் போய் டவர் கோர்ட் குன்றில் ஏறுங்கள். எரிந்த காலேஜ் ஹாலின் தூண்கள் சில அங்கே இன்னும் நிற்கின்றன.